கூடவே வரும் போக்ஸ் கம்பி

என் சைக்கிளின் இடப்பக்கம், பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் அடிக்குழாயின் மேல், இரண்டு போக்ஸ் கம்பிகள் எப்போதும் செருகியிருக்கும். ஒன்று பளபளப்பானது. இன்னொன்று மங்கலானது, தலைப்பக்கம் லேசாகத் துருவும் ஏறியது. அழகுக்கு மாட்டியிருக்கிறேன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். குனிந்து உற்றுப் பார்த்தால் குழாயோடு சேர்த்தே பற்றவைத்த சிறு முளைகள் தெரியும். ஒரு முனையில் கம்பியின் வளைந்த தலை மாட்டிக்கொள்ளும், மறுமுனையில் நிப்பிள் திருகி இறுகும். போகிற வழியில் கம்பி அறுந்தே தீரும் என்று தெரிந்து, மாற்றுக் கம்பிக்கு உடம்பிலேயே இடம் ஒதுக்கிப் பிறந்த வண்டி இது.

அமெரிக்காவின் சர்லி கம்பெனி 2004இல் கொண்டுவந்த இந்த மாடலுக்கு லாங் ஹால் டிரக்கர் என்று பெயர். நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர் என்று பொருள். வரைந்தது மின்னசோட்டா மாநிலத்தின் புளூமிங்டனில். பற்றவைத்தது தைவானில். என் வண்டியை முதலில் ஓட்டியவர் நெதர்லாந்துக்காரர். என் கைக்கு வந்தது சென்னையில். இத்தனை கை மாறி வந்த ஒரு பொருளோடு சில ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, அதன் கதையை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆபீசுக்கும் போக வேண்டும், நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் ஊரைத் தாண்டியும் போக வேண்டும், அதற்கு என்ன சைக்கிள் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கதைதான் என் பதில்.

நான் முதலில் தப்பான வண்டி வாங்கினேன். அலுமினிய ரேஸ் சைக்கிள், ஒன்பது கிலோ. கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், ஒரு விரலில் தொங்கியது. அந்த விரல்தான் முடிவு செய்தது. குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். முதல் மாதத்திலேயே ஐந்து பஞ்சர். டயர் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. சாலையோரத்து ஜல்லியில் இறங்கினால் வழுக்கியது. கேரியர் மாட்ட ஃபிரேமில் ஒரு துளைகூடக் கிடையாது. லேப்டாப்பை முதுகில் சுமந்தேன். ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டையின் முதுகுப்பக்கம் பையின் வடிவத்தில் நனைந்திருக்கும். சீட் தண்டில் இறுக்கும் கேரியர் ஒன்றை வாங்கி, அதில் பக்கப்பை தொங்கவிட்டேன். ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. பையைப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் மிதப்பதுபோல் ஆனது. ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு புதுச்சேரி போனேன். கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போய், மறுநாள் சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை.

அது கெட்ட வண்டி இல்லை. பந்தயத்துக்குச் செய்த வண்டியிடம் பாரம் சுமக்கும் வேலையைக் கேட்டது என் பிழை.

அந்தச் சமயம் மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டகையில் அப்பாவின் ஹெர்குலிஸ் சாய்ந்து கிடந்தது. அந்த வண்டியில் அப்பா நெல் மூட்டையை ரைஸ் மில்லுக்குக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். முன்பாரில் நான், பின்னால் மூட்டை. குரங்கு பெடல் போட்டு நான் பழகியதும் அதில்தான். எதற்கோ டேப் எடுத்து இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவில் அளந்து பார்த்தேன். 115 சென்டிமீட்டர். சென்னைக்குத் திரும்பி என் ரேஸ் சைக்கிளை அளந்தேன். 99. இந்த 16 சென்டிமீட்டரில்தான் என் தொந்தரவு முழுவதும் இருந்தது. சக்கரங்கள் தள்ளி நிற்பதால் அப்பாவின் வண்டியில் மூட்டையின் பாரம் இரண்டு அச்சுக்கும் நடுவில் விழுந்தது. குதிகாலுக்கும் கேரியருக்கும் நடுவே இடம் இருந்தது. தடித்த டயர், சாய்ந்த போர்க், தோல் சீட்டு. கியர் இல்லை என்ற ஒரு குறையைத் தள்ளிவிட்டால், நான் தேட வேண்டிய வண்டி எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது.

அதற்குப் பிறகு எந்த சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் அடிக்குழாயின் நீளத்தைத்தான் கேட்டேன். ரேஸ் சைக்கிள்களில் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே 41 சென்டிமீட்டர் போல இருக்கும். லாங் ஹால் டிரக்கரில் 46. ஐந்து சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. பை நிறைய துணியும் டிபன் பாக்ஸும் வைத்துக்கொண்டு தினமும் மிதிக்கிறவனுக்கு அது குதிகால் இடிக்குமா இடிக்காதா என்கிற கேள்வி.

இந்த வண்டியின் குழாய்க்கு நீண்ட வம்சம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1841இல் ஆணி செய்யத் தொடங்கிய குடும்பம் ரெனால்ட்ஸ். சைக்கிள் யுகம் வந்ததும் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஒரே தலைவலி. குழாய் மெலிதாக இருந்தால் வண்டி இலகு, ஆனால் பற்றவைக்கும் இடத்தில் வெடிக்கும். தடிப்பாக இருந்தால் வெடிக்காது, மிதிக்க முடியாது. 1897இல் ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து காப்புரிமை வாங்கிய யோசனை எளிமையானது: வெளியே ஒரே பருமன், உள்ளே மட்டும் இரு முனைகளிலும் சுவர் தடிப்பு, நடுவில் மெலிவு. மூங்கிலைப் பிளந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். வலு வேண்டிய இடத்தில் கணு வைத்திருக்கிறது மூங்கில். 1935இல் அதே கம்பெனி கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகுக் குழாய், பல பத்தாண்டுகளுக்கு உலகின் நல்ல சைக்கிள்களின் எலும்பாக இருந்தது. என் வண்டியில் இருப்பது 4130 என்ற குரோம் மாலிப்டினம் எஃகு. விமானச் சட்டங்களுக்குப் பயன்பட்ட அதே வகை. அதன் முக்கியக் குழாய்களுக்குள்ளும் ரெனால்ட்ஸின் அந்தக் கணு இருக்கிறது.

நமக்கும் இந்த வம்சத்துக்கும் உறவு இருக்கிறது. ரெனால்ட்ஸ் 1928இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தில் சேர்ந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து 1949இல் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர். அப்பாவின் ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்தது. நெம்பர் பிளேட் இல்லாத இந்த வாகனத்துக்குக் குலம் கோத்திரம் பார்த்தால், கொட்டகையில் கிடந்த வண்டியும் என் வண்டியும் தூரத்துப் பங்காளிகள்.

இன்னொன்றும் கவனித்தேன். சைக்கிள் பிறந்து வளர்ந்த ஊர்களில் பலவும் துப்பாக்கி ஊர்கள். பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861இல் துப்பாக்கி செய்யவே தொடங்கிய கம்பெனி அது. சாய்த்து வைத்த மூன்று துப்பாக்கிகள்தான் அதன் முத்திரை. பள்ளிக்கூட நாளில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். ஓட்டிய எத்தனை பேருக்கு இது தெரியும்! என் வண்டியின் ஹப்பும் கியரும் ஷிமானோ. அது ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரத்தில் 1921இல் தொடங்கியது, முதலில் செய்த பொருள் பிரீவீல். சகாயின் கொல்லர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே துப்பாக்கி அடித்தவர்கள், கத்தி அடிப்பதில் இன்றும் பேர் பெற்றவர்கள். பிரான்சின் சேன்ட் எத்தியேனும் அப்படித்தான், ஆயுதத் தொழிலில் வளர்ந்த ஊர். குழலைத் துல்லியமாகத் துளைக்கவும் எஃகுக்குப் பதம் பார்க்கவும் தெரிந்த கைகளே பல் சக்கரம் செய்யவும் திரும்பின. அந்தக் கைத்திறன் இந்தப் பக்கம் திரும்பியதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

சேன்ட் எத்தியேன் என்றதும் பால் தெ விவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1853இல் பிறந்து 1930இல் இறந்தவர், வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர். 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். ஊரைச் சுற்றி மலை. ஒரே கியரில் மலையேறுவது வீரம், கியர் மாற்றுவது கிழவர்களுக்கு என்று பந்தயக்காரர்கள் பேசிய காலம் அது. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்தியவர்கள் 1937 வரை, செயினைப் பல் சக்கரம் மாற்றித் தள்ளிவிடும் டெரெய்லர் கியரை அனுமதிக்கவே இல்லை. வெலோசியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பலவகைக் கியர்களைத் தன் வண்டியில் மாட்டி, மூட்டையோடு மலை ஏறிக் காட்டி, எழுதி எழுதி வாதாடிக்கொண்டிருந்தார். தொலைதூரப் பயணி யாரோடும் போட்டி போடவில்லை, ஆகவே அவன் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் அவர் ஒருவர்.

இதை ஒரு கணக்கில் சொல்கிறேன். அப்பாவின் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5.4 மீட்டர் நகரும். சமதரையில் நல்ல நடை. மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். என் வண்டியின் மிகச் சிறிய கியரில் முன்னால் 26 பல், பின்னால் 34. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் உட்கார்ந்தபடி எந்த மலைக்கும் போகலாம். சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கியர் என்று கேட்கிறார்கள். 21, 24, 27 என்று கடைக்காரரும் எண்ணிக்கை சொல்கிறார். கேட்க வேண்டியது அதுவல்ல. முன்னால் மிகச் சிறிய பல் சக்கரம் எத்தனை பல், பின்னால் மிகப் பெரியது எத்தனை பல். முன்னதைவிடப் பின்னது பெரிதாக இருந்தால் மூட்டையோடு மலை ஏறலாம்.

1976இல் அமெரிக்காவின் 200ஆவது சுதந்திர ஆண்டையொட்டி பைக்சென்டெனியல் என்ற பெயரில் ஒரு பயணம் நடந்தது. ஓரிகானிலிருந்து வர்ஜீனியா வரை, கடலிலிருந்து கடல், 6,800 கிலோமீட்டர் போல. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கோடையில் அந்த வழியில் ஓட்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே தொலைதூர சைக்கிளுக்கு மவுசு வந்தது. எண்பதுகளில் மலை சைக்கிள் வந்து அந்த மவுசை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. சர்லியின் வண்டி வந்தது இந்த வறட்சிக்குப் பிறகு. அது பழைய யோசனைகளைப் புதுப்பித்ததே தவிர, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எஃகு, நீண்ட உடம்பு, மூன்று பாட்டில் மாட்ட இடம், முன்னும் பின்னும் கேரியருக்குத் துளைகள், மட்கார்டுக்கு இடம், தடித்த டயருக்கு இடம். எனக்குப் பிடித்தது இந்த அடக்கம்தான்.

என்னுடையது 26 அங்குலச் சக்கரம் போட்டது. இதுதான் என்னை முடிவு செய்ய வைத்தது. எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் பையன்கள் ஓட்டும் மலை சைக்கிளின் 26 அங்குல டியூப் தொங்கும். ஒரு எச்சரிக்கை: 26 என்று சொல்லும் சக்கரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு உண்டு. மலை சைக்கிளின் ரிம் 559 மில்லிமீட்டர். லேடீஸ் சைக்கிளில் வரும் மெல்லிய 26 வேறு, அது 590. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இந்த எண் அச்சடித்திருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நான் ஒருமுறை படிக்காமல் வாங்கி, உச்சி வெயிலில் கடைக்குத் திரும்ப நடந்திருக்கிறேன்.

இனி அந்த நெதர்லாந்துக்காரர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கொல்கத்தாவில் இறங்கி, ஒடிசா, ஆந்திரா வழியாகக் கடலோரமாகவே ஓட்டிக்கொண்டு கன்னியாகுமரி போவதாகத் திட்டம். சென்னை வரும்போது முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டியை விமானத்தில் திருப்பி எடுத்துப் போக அவருக்கு மனமில்லை. ஓட்டுகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தேடினார். நண்பர் ஒருவர் மூலம் எனக்குத் தகவல் வந்தது. பெசன்ட் நகரில் அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில்தான் முதன்முறை இந்த வண்டியைப் பார்த்தேன். நீல வண்ணம், அங்கங்கே பெயர்ந்து எஃகு தெரிந்தது. மேல்குழாயில், சாய்த்து வைக்கும்போதெல்லாம் உரசி உரசி, சுண்டுவிரல் நீளத்துக்கு வண்ணமே இல்லை.

ஏறி இரண்டு தெரு சுற்றச் சொன்னார். கடலோரக் காற்றுக்கு எதிரே மிதித்தேன். கை மரக்கவில்லை. வளைந்த ஹேண்டில்பாரில் கையை மூன்று நான்கு இடங்களில் மாற்றி மாற்றி வைக்க முடிந்தது. நீண்ட தூரத்துக்கு இந்த வளைந்த ஹேண்டில்பார் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பி வந்ததும் அவர் விலை பேசவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து கியர் லிவரைக் காட்டினார். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் லிவர்கள். பின்கியருக்கான லிவரில் ஒரு சிறு திருகு. அதைத் திருப்பிவிட்டால் டக் டக் என்று படி படியாக மாறாமல், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல் வழுக்கி மாறும். கியர் வளைந்தாலும், வேறு எதையாவது மாட்டினாலும், அதை வைத்து வீடு போய்ச் சேரலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை வண்டியை விட்டு எடுபடவே இல்லை. 45,000 ரூபாய் கொடுத்தேன். கேரியர், பக்கப்பைகள், பம்பு, ஒரு சிறு பைநிறைய ஸ்பேனர்கள் எல்லாம் சேர்த்து. அவர் வண்டியின் சீட்டை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்த சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். புரூக்ஸ். 1866இல் பர்மிங்காமில் தொடங்கிய தோல் கம்பெனி. இரும்புச் சட்டத்தில் தடித்த மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள், உள்ளே பஞ்சு கிடையாது. உட்கார உட்கார, இருப்பெலும்பு படும் இரண்டு இடங்களில் தோல் குழிந்துகொடுக்கும். என் சீட்டில் ஏற்கெனவே இரண்டு குழி இருந்தது. அவருடையவை. என்னைவிட அரை அடி உயரமான, அகன்ற மனிதர். அவருடைய குழிகளின் ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். முதல் இரண்டு மாதம் வலித்தது. சீட்டை மாற்றிவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. வாரம் ஆறு நாள், போக 10 வர 10. மழை வந்தால் பிளாஸ்டிக் பை போட்டு மூடினேன். சென்னைப் புழுக்கத்தில் தோலுக்கு வேறு மெழுகே தேவைப்படவில்லை. எந்த நாளில் என்று சொல்ல முடியாது, ஒரு கட்டத்தில் வலி நின்றிருந்தது. மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் இன்றும் அவருடைய குழிகளின் வெளிவரம்பு நிழலாகத் தெரியும். அதற்குள்ளே என்னுடையவை இரண்டு.

வண்டி நம்மூர் ஆனது மெதுவாகத்தான். ரிம்மில் வால்வுத் துளை சின்னது, வெளிநாட்டு மெல்லிய வால்வுக்கானது. வழியில் பஞ்சரானால் அந்த டியூப் எந்தக் கடையிலும் கிடைக்காது, பம்புகூடச் சேராது. குரோம்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ரிம்மை மடியில் வைத்து, வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையை அகலமாக்கி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்தார். "இப்ப எந்த ஊர்லயும் காத்தடிக்கலாம் சார்" என்றார். அந்தக் கால் மணி நேர வேலை இந்த வண்டிக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்தது. ஒருமுறை திருவான்மியூர் அருகே கேரியரைப் பிடிக்கும் போல்ட் முறிந்து பாதி துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்து லேத்துப் பட்டறையில் அதைத் துளைத்தெடுத்து, மரை புதுப்பித்துக் கொடுத்தார்கள். எஃகு என்பதால் பயமில்லாமல் கை வைத்தார்கள். எஃகை வளைக்கலாம், நிமிர்த்தலாம், தெருமுனையில் பற்றவைக்கலாம். கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்க்கும்போது இந்த அருமை தெரியாது.

கொல்லிமலைக்குப் போனது இரண்டாவது ஆண்டு, தைமாதம். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகப் போய், ஆத்தூரில் திரும்பி, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், சேந்தமங்கலம், பிறகு அடிவாரத்தில் காரவள்ளி. மூன்றாம் நாள் காலை, சின்னசேலம் தாண்டி, பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். அடுத்த சுற்றிலிருந்தே பிரேக் கட்டையில் ரிம் உரச ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு போக்ஸ் கம்பி தலையில், ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில், அறுந்து தொங்கியது. கம்பி எப்போதும் அங்கேதான் அறும். சக்கரம் சுற்றும்போது தரைப்பக்கம் வரும் கம்பி தளரும், மேலே போனதும் இறுகும். என் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 490 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகும். கொல்கத்தாவிலிருந்து அந்தக் கம்பி எத்தனை முறை தளர்ந்து இறுகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே, பிரேக்கைத் தளர்த்திவிட்டு, தலைவாசல் வரை உருட்டியும் ஓட்டியும் போனேன்.

தலைவாசலில் புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. அறுபத்தைந்து வயதிருக்கும் பெரியவர், பனியனும் லுங்கியுமாக ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் டியூபைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னா தம்பி, இம்மாம் பல்லு வச்சிருக்கு?"

"மலையேறத்தாங்க ஐயா. கொல்லிமலை போறேன்."

"பின்னால கம்பி எத்தினி?"

"முப்பத்தாறுங்க."

"நம்ம வண்டிக்குப் பின்னால நாப்பது. முன்னால முப்பத்திரண்டு. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அதான் கணக்கு." குனிந்து கம்பியைச் சுண்டினார். "கம்பி நல்ல கம்பிதான்."

அறுந்தது செயின் பக்கம். அந்தப் பக்கக் கம்பியை மாற்றப் பல் சக்கரங்களை முழுதாகக் கழற்ற வேண்டும். அதன் மூடியைத் திறக்கும் சாவி என்னிடம் இருந்தது, சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் கருவி இல்லை. பெரியவர் ஆணியில் தொங்கிய பழைய செயினை எடுத்தார். பெரிய பல் மேல் ஒரு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் பிளையரால் கவ்வி, "தம்பி, இத இறுக்கிப் புடிங்க, விட்றாதீங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, சாவியில் ஸ்பேனரைப் போட்டு உடம்பு பாரத்தை அதில் இறக்கினார். படக் என்று மூடி கழன்றது. அதற்கென்று ஒரு கருவி இருப்பதை அவர் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கருவி செய்கிற வேலையை அவர் கை அறிந்திருந்தது.

அடிக்குழாயில் செருகியிருந்த இரண்டு கம்பிகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல், முதலில் அந்த முளைகளைத் தடவிப் பார்த்தார். "இதுக்குன்னே வச்சிருக்கான்" என்றார். இரண்டு முறை சொன்னார். பிறகு கம்பியைக் கோத்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டார். ஒரு சாக்குக் கட்டியைப் போர்க்கில் ஊன்றி ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். கோட்டம் இருந்த இடத்தில் மட்டும் சாக்குக்கட்டி வெள்ளைக் கோடு போட்டது. கோடு விழுந்த பக்கத்து நிப்பிளைக் கால் திருகு தளர்த்தினார், எதிர்ப்பக்கத்தைக் கால் திருகு முடுக்கினார். மறுபடி சுற்றினார். கோடு சிறுத்தது. பிறகு கம்பிகளை வரிசையாக விரலால் சுண்டி, தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஓசை மந்தமாக வந்த இரண்டை மட்டும் முடுக்கினார். முக்கால் மணி நேரம். ஐம்பது ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. "திரும்பி இப்படித்தானே வருவீங்க? வாங்க" என்றார்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மறுநாள் ஏறினேன். 26க்கு 34, ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர். பஸ் ஓட்டுநர்கள் வளைவில் நின்று வழி விட்டார்கள். 41ஆவது வளைவில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றேன். செம்மேடு போய்ச் சேர உச்சி வெயில் தாண்டிவிட்டது. ஏற்றத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பின்சக்கரம் ஒருமுறைகூட உரசவில்லை.

மலையிறங்கித் தலைவாசல் திரும்பியபோது பெரியவர் கடையில் கூட்டம். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு போக்ஸ் கம்பியை எடுத்து வந்தார். 28 அங்குல வண்டியின் நீளக் கம்பியை, அறுந்த கம்பியை அளவுக்கு வைத்து வெட்டி, முனையில் மரை போட்டு வைத்திருந்தார். நம்மூர்ச் சாதாரணக் கம்பி, பளபளப்பு இல்லை. காசைப் பற்றிக் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அவரே மண்டியிட்டு, இடப்பக்க அடிக்குழாயில் காலியாக இருந்த முளையில் தலையை மாட்டி, மறுமுனை நிப்பிளை விரலால் திருகி, ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.